மெட்டுக்காகத்தான் கேட்கிறோம்

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வீடு திரும்பிய நேரத்தில், மகன் படிக்கும் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. இருவரும் உடனே வர வேண்டும் என்றார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. மதிப்பெண் குறைந்திருக்கும் என்றோ, யாரோடாவது கைகலப்பு ஏற்பட்டிருக்கும் என்றோ எண்ணிக்கொண்டுதான் போனோம். வகுப்பாசிரியை எங்களை உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். அதே வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி நடந்து செல்லும்போதெல்லாம் நம் மகனும் வேறு மூன்று மாணவர்களும் ஒரு திரைப்பாடலின் ஒற்றை வரியைப் பாடியிருக்கிறார்கள். பாடலில் இருந்த பெயருக்குப் பதிலாக அந்தப் பிள்ளையின் பெயரைப் பொருத்தியிருக்கிறார்கள். மூன்று வாரங்களாக இது நடந்திருக்கிறது. கடந்த நான்கு நாள்களாக அந்த மாணவி பள்ளிக்கு வரவில்லை.

"எந்தப் பாட்டென்று உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆசிரியை கேட்டார்.

எங்களுக்குத் தெரியும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு நெருங்கிய உறவினர் வீட்டு வலீமா விருந்தில் அது ஒலித்தது. மண்டபத்தின் ஓரத்தில் சிறுவர்கள் அதற்கு ஆடினார்கள். நம் மகன் நன்றாக ஆடுகிறான் என்று எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆட்டத்தைக் கைபேசியில் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தவர்களும் நாங்களே.

வீட்டுக்கு வந்து அவனைக் கேட்டபோது, அவன் அழவுமில்லை, மறுக்கவுமில்லை. உண்மையாகவே விளங்காதவனைப் போல, "அத்தா, அர்த்தமெல்லாம் யாரு பார்க்கிறா? மெட்டுக்காகத்தானே பாடுறோம்" என்றான்.

அந்த வாக்கியம் அவனுடையது அன்று, எங்களுடையது. வலீமா மண்டபத்தில் அவனுடைய நன்னி, "இது என்ன பாட்டு, இந்தப் பேச்சைப் புள்ளைங்க காதுல விழ விடலாமா" என்று முகம் சுளித்தபோது, நாங்கள் அவருக்குச் சொன்ன பதில் அது. மெட்டுக்காகத்தான் போடுகிறார்கள், விடுங்கள் என்றோம். பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அந்த வரியை இங்கே எழுதப்போவதில்லை. அதில் கெட்ட வார்த்தை என்று அகராதி ஒப்புக்கொள்ளும் சொல் எதுவும் இல்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். தன்னை விரும்பாத ஒரு பெண் பலருக்கும் உரியவள் என்ற பொருள் நயமாக, எதுகையோடு, தாளத்துக்குப் பொருந்தும்படி வைக்கப்பட்டிருந்தது. கேட்பவருக்குத் தலையசைக்கத் தோன்றும். பெயர் மாற்றிப் பாடப்பட்டவளுக்கோ பள்ளிக்கூட வாசலை மிதிக்க முடியவில்லை.

நாங்கள் வாழும் சூளகிரியைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் இது. முன்பெல்லாம் சூளகிரி என்றால் கொத்தமல்லிக் கட்டும் புதினாக் கட்டும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வரும். இப்போது சிப்காட் நினைவுக்கு வருகிறது. எங்களுள் ஒருவர் ஷிப்ட் முறையில் வேலை செய்வதும் அத்தகைய ஒரு தொழிற்சாலையில்தான். தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். பள்ளிவாசல் தெருவில் தக்னி உருது. அண்மைக் காலமாக பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த சகோதரர்களின் பேச்சும் சேர்ந்திருக்கிறது. ஆகவே ஒரு பிள்ளை காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு மாலையில் திரும்புவதற்குள் நான்கைந்து மொழிப் பாடல்களைக் கேட்டுவிடும். ஷேர் ஆட்டோவில் ஒன்று, தேநீர்க் கடையில் ஒன்று, கம்பெனிப் பேருந்து கடந்து போகும்போது ஒன்று, காய்கறி ஏற்றும் மினி லாரியில் ஒன்று. பாதிக்கு மேல் அதற்குப் பொருள் தெரியாது. ஆனாலும் முணுமுணுக்கும். எங்கள் பக்கத்து வீட்டு ஐந்து வயதுக் குழந்தை ஒரு போஜ்புரிப் பாடலை அழகாகப் பாடும். அதன் பொருளைத் தெரிந்துகொண்ட ஒரு வடநாட்டுத் தொழிலாளி, "பாய், அந்தப் பாட்டைப் பாட விடாதீங்க" என்று அரைகுறைத் தமிழில் கேட்டுக்கொண்டார். பொது இடங்களிலும் வாகனங்களிலும் இரட்டைப் பொருள் கொண்ட போஜ்புரிப் பாடல்களை ஒலிக்கவிடுவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2025 தொடக்கத்தில் பீகார் காவல்துறையே உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த மாநிலம் தன் தெருவிலிருந்து அகற்ற முயலும் பாடலை, நம் தெருப் பிள்ளை பொருள் தெரியாமல் தாலாட்டைப் போலப் பாடிக்கொண்டிருக்கிறது.

தமிழில் இந்தப் பேச்சு உச்சத்திற்கு வந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். 2015 டிசம்பர். சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் தத்தளித்து, பள்ளிவாசல்களும் கோயில்களும் திருமண மண்டபங்களும் நிவாரண முகாம்களாகியிருந்த வேளை. அப்போதுதான் நடிகர் சிம்புவின் குரலில் 'பீப் பாடல்' என்று பின்னர் பெயர் பெற்ற பாடல் இணையத்தில் பரவியது. பெண்ணின் உடலுறுப்பைக் குறிக்கும் வசைச் சொல் ஒன்றின் மீது 'பீப்' என்னும் ஒலியை வைத்து மூடியிருந்தார்கள். கோவையில் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தினர் புகார் அளித்தனர். காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. பல ஊர்களில் பெண்கள் வீதிக்கு வந்தனர். விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. அது தனிப்பட்ட முயற்சி என்றும், தான் வெளியிடவில்லை, திருடி வெளியிடப்பட்டது என்றும் பாடியவர் தரப்பில் சொல்லப்பட்டது. பெயர் அடிபட்ட இசையமைப்பாளர் அனிருத், தனக்கு அந்தப் பாடலோடு தொடர்பில்லை என்றார். வெள்ள நிவாரணத் தொண்டர்களைப் பாராட்டும் நிகழ்ச்சியில் இதுபற்றிக் கேள்வி எழுப்பிய செய்தியாளரிடம் இளையராஜா கோபப்பட்டதும் ஒரு செய்தியாகி, சில நாள்கள் பாடலை விட்டுவிட்டு அந்தக் கோபத்தைப் பற்றியே நாடு பேசியது.

அந்த நாள்களில் நாங்களும் கொதித்தோம். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கையில், அந்தக் கொதிப்பு முழுவதும் ஒரே ஒரு சொல்லைச் சுற்றியதாக இருந்தது என்று தோன்றுகிறது. அந்தச் சொல்லையும் 'பீப்' மறைக்கவில்லை. மறைத்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் தன் வாயாலேயே நிரப்பிக்கொள்ள அது இடம் கொடுத்தது. காதலில் தோற்ற ஆண், தன்னை மறுத்தவளை ஊரறிய ஏசுவது அவனுடைய உரிமை என்ற எண்ணத்திற்கு அன்று யாரும் 'பீப்' வைக்கவில்லை. அந்த எண்ணம் அதற்கு முன்னும் எத்தனையோ பாடல்களில், நாகரிகமான சொற்களில் இருந்தது, பின்னும் இருக்கிறது. 2016 ஜூன் மாதம் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை வேளையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, பெண்ணைப் பின்தொடர்வதை வீரமாகக் காட்டும் தமிழ்த் திரைப்படங்கள் குறித்து நாடே விவாதித்தது. பாட்டுதான் கொன்றது என்று சொல்வது நேர்மையாகாது; அப்படி நாங்கள் சொல்லவில்லை. மறுத்தவளைத் தண்டிக்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்தெல்லாம் ஒரு பையனின் காதில் விழுகிறது என்று கேட்காமல் இருப்பதும் நேர்மையாகாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பார்கள் சிலர். திரையரங்கில் வெளியாகும் படத்திற்கு 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். படத்திற்கு மாதக்கணக்கில் முன்பே இணையத்தில் வெளியாகும் பாடலுக்கு அத்தகைய முன்தணிக்கை கிடையாது. படம் தணிக்கைக்குப் போகும் நாளில், பாடல் நம் வீட்டு மழலைகளின் நாவில் பழையதாகியிருக்கும். 2023இல் 'லியோ' படத்தின் பாடலொன்றுக்கு எதிராகப் புகை, மது, போதையைக் கவர்ச்சியாகக் காட்டுகிறது என்று புகார் எழுந்தபோது, அதன் காணொளியில் புகைப்பிடித்தலுக்கு எதிரான எச்சரிக்கை வாசகம் சேர்க்கப்பட்டது. நல்லதுதான். சிகரெட்டுக்கு ஓர் எச்சரிக்கை வாசகம் உண்டு. ஒரு பெண்ணின் மானத்தைத் தாளத்தில் வைத்துத் தட்டுவதற்கு எச்சரிக்கை வாசகம் எதுவும் இல்லை.

எச்சரிக்கை ஒட்டினால் மட்டும் போதுமா என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் டிப்பர் கோர் என்ற தாய், தம் மகள் கேட்ட இசைத்தட்டில் பிரின்ஸ் பாடிய ஒரு பாடலின் சொற்களைக் கேட்டு அதிர்ந்து, வேறு சில பெண்களோடு சேர்ந்து இயக்கம் தொடங்கினார். 1985 செப்டம்பரில் செனட் சபைக் குழுவே அது குறித்து விசாரணை நடத்தியது. விளைவாக, ஆபாசச் சொற்கள் கொண்ட இசைத்தட்டுகளின் உறையில் பெற்றோருக்கான எச்சரிக்கை முத்திரை வந்தது. நாளடைவில் அந்த முத்திரை இருக்கும் தட்டைத்தான் பிள்ளைகள் தேடி வாங்கினார்கள் என்ற கேலியும் வந்தது. இன்றைய பாடல் செயலிகளில் பாடலின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ஆங்கில எழுத்து அந்த முத்திரையின் பேரப்பிள்ளை. அதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

அதே நாட்டில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோது எங்களுக்குச் சற்றுத் தெளிவு பிறந்தது. 12 முதல் 17 வயது வரையுள்ள 1,461 பிள்ளைகளிடம் சில ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்து, ரேண்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2006இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளியிட்டது அது. பாலியல் பேசும் பாடல்களை அவர்கள் இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, காதலையும் ஆசையையும் பேசினாலும் மனிதரை இழிவுபடுத்தாதவை. மற்றொன்று, பெண்ணைப் பொருளாகவும் ஆணைத் தணியாத வெறியனாகவும் காட்டி இழிவுபடுத்துபவை. இரண்டாம் வகையை அதிகம் கேட்ட பிள்ளைகளே இளவயதில் பாலுறவில் இறங்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. முதல் வகைக்கு அத்தகைய தொடர்பு தென்படவில்லை. பாட்டு மட்டுமே காரணம் என்று இப்படியோர் ஆய்வை வைத்து அறுதியிட்டுவிட முடியாது. ஆனால் அந்தப் பிரிவினை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நாம் பயப்படுவதெல்லாம் பிள்ளைக்கு ஆசை வந்துவிடுமோ என்றுதான். பதினான்கு வயதில் ஆசை வரத்தான் செய்யும்; அதை அல்லாஹ்வே மனிதனின் இயல்பில் வைத்திருக்கிறான். நம் மகனுக்குப் பாட்டிலிருந்து வந்தது ஆசை அன்று. அலட்சியம். ஒரு பெண்பிள்ளையின் கண்ணீரைத் தாளத்துக்கு இடையில் காணாமல் போகச் செய்யும் அலட்சியம்.

இசை கூடுமா, கூடாதா என்ற விவாதத்திற்குள் நாங்கள் நுழையவில்லை. அது உலமாக்களின் துறை; பெரும்பான்மையோரின் எச்சரிக்கையும் மாற்றுக் கருத்துடையோரின் வாதங்களும் கிதாபுகளில் இருக்கின்றன. ஆனால் எங்கள் வீட்டில் அந்த விவாதம் ஒரு திரையாகவே பயன்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹராம் என்று ஒரே சொல்லில் முடிப்பவர் அதற்குமேல் பாட்டின் பொருளைப் பேசுவதில்லை. பிள்ளை இயர்போனை மாட்டிக்கொண்டு போர்வைக்குள் கேட்கிறான். பரவாயில்லை என்று விடுபவரும் பொருளைப் பேசுவதில்லை, மெட்டு என்கிறார். இரண்டு தரப்பும் சேர்ந்து வரிகளைப் பிள்ளையிடம் தனியே விட்டுவிடுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் வரிகளைக் கேட்டார்கள். புகாரீயில் வரும் ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் அறிவிப்பை அறிந்தவர்கள் இதை நினைவுகூர்வார்கள். அவருடைய திருமணத்திற்கு மறுநாள் காலை நபியவர்கள் அவருடைய வீட்டிற்கு வந்து அமர்ந்திருக்கிறார்கள். சிறுமிகள் தஃப் தட்டி, பத்ருப் போரில் ஷஹீதான தங்கள் முன்னோரைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு சிறுமி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்ற பொருளில் ஒரு வரியைச் சேர்த்துப் பாடுகிறாள். நபியவர்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிடச் சொல்லி, முன்பு பாடியதையே பாடும்படி கூறுகிறார்கள். மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது அல்லவா!

இதை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அகீதாவுக்கு ஆதாரமாகவும், தஃப் கூடும் என்பதற்கு ஆதாரமாகவும் கேட்டிருக்கிறோம். இந்தச் சம்பவத்திற்குப் பிறகுதான் வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு கல்யாண வீடு. சந்தோஷமான சத்தம். பாடுபவர்கள் சின்னப் பிள்ளைகள். அந்த வரியோ நபியவர்களைப் புகழ்வது. கவனிக்காமல் இருக்க இத்தனை காரணங்கள் இருந்தும், அவர்கள் ஒவ்வொரு வரியாகக் காதுகொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிழையான வரி வந்த இடத்தில், பாட்டைக் கலைக்காமல், சிறுமியைக் கடியாமல், அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள். நாங்கள் இருந்த மண்டபமும் கல்யாண வீடுதான். நாங்கள் பிரியாணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு சொல்லப்பட்ட சம்பவத்தில், அதைப் புனைந்தவர்கள் சிலரே. பரப்பியவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். கேட்டதை மறுபடி சொன்னார்கள், அவ்வளவுதான். சூரத்துந் நூர் அவர்களைக் கண்டிக்கும் இடத்தில், அந்தப் பேச்சை நாவுகளால் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டதையும், அதை அற்பமானதாக அவர்கள் எண்ணியதையும், அல்லாஹ்விடத்தில் அது பெரும் குற்றமாக இருந்ததையும் சுட்டிக்காட்டுகிறது. மெட்டுக்காகத்தான் என்பது அந்த 'அற்பம்' என்ற எண்ணத்தின் இன்றைய பெயர். ஒரு பெண்ணின் கற்பு குறித்துச் சாட்சியின்றிப் பேசியவனுக்கு எண்பது கசையடி என்று விதித்த மார்க்கத்தின் பிள்ளை, அதே பழியைத் தாளத்தோடு மூன்று வாரம் பாடியிருக்கிறான். பாடியதனால் அது அவனுக்குப் பழியாகவே படவில்லை.

செய்தி தெரிந்ததும் உறவினர் ஒருவர் தந்த முதல் ஆலோசனை எங்கள் மகளைப் பற்றியது. அவள் ஏழாம் வகுப்பு. "காலம் கெட்டுக் கிடக்கு, பொட்டப்புள்ளயப் பெண்கள் மதரஸாவுல சேர்த்துவிட்டுடுங்க" என்றார். தவறு செய்தவன் அண்ணன்; பள்ளியை மாற்ற வேண்டியவள் தங்கை! அன்பினால்தான் சொன்னார், அதில் ஐயமில்லை. அதே சூரத்துந் நூரின் முப்பதாம் வசனம் பார்வையைத் தாழ்த்தும்படி ஆண்களுக்குச் சொல்கிறது. பெண்களுக்கான கட்டளை அடுத்த வசனத்தில் வருகிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் அந்த அடுத்த வசனத்திலிருந்துதான் பாடம் தொடங்குகிறது.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. நம் மகன் ஐந்து வயதிலிருந்து மக்தபுக்குப் போகிறான். அம்ம ஜுஸ்வு முழுவதும் மனப்பாடம். யாஸீன் ஓதினால் ஹஜ்ரத் தலையசைப்பார். ரமலானில் பெரியவர்கள் அவனை ஓதச் சொல்லிக் கேட்பார்கள். குரல் அப்படி. ஆனால் அவன் ஓதுவதில் ஒரு வசனத்தின் பொருள்கூட அவனுக்குத் தெரியாது. ஓதுவதற்கே நன்மை உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை, அது நபிமொழி. ஆயினும் ஒன்பது ஆண்டுகளாக அவனுக்கு நாங்கள் அறியாமலேயே வேறொரு பாடத்தையும் கற்பித்திருக்கிறோம். சொற்களை நாவில் வைத்துக்கொள்ளலாம், ஓசை அழகாக இருந்தால் போதும், பொருளை யாரும் கேட்கமாட்டார்கள் என்ற பாடம். அந்தப் பழக்கத்தோடுதான் அவன் பாட்டுக்குப் போனான். "அர்த்தமெல்லாம் யாரு பார்க்கிறா" என்று அவன் கேட்டதற்கு உண்மையான பதில், இந்த வீட்டில் யாரும் பார்ப்பதில்லை என்பதே.

முதலில் நாங்கள் செய்தது எல்லாரும் செய்வதுதான்: கைபேசியைப் பறித்தோம். இரண்டு வாரம் கழிந்தது. பாட்டு ஷேர் ஆட்டோவில் ஒலித்தது. அவன் உதடு தானாக அசைந்தது. அசைந்ததை அவனே கவனித்துத் திடுக்கிட்டு நிறுத்தியதையும் பார்த்தோம். இதில் பறிக்க என்ன இருக்கிறது என்று அன்று தோன்றியது.

பிறகு ஓர் இரவு, இஷாவுக்குப் பின், அந்தப் பாடல் முழுவதையும் அவனையே ஒரு தாளில் எழுதச் சொன்னோம். முப்பது வரிக்கு மேல். ஓர் எழுத்துப்பிழை இல்லாமல், நினைவிலிருந்தே, பத்து நிமிடத்தில் எழுதிவிட்டான். பள்ளியில் மனப்பாடச் செய்யுள் எட்டு வரிக்குத் திணறுகிற பிள்ளை! எழுதியதை மெட்டில்லாமல், கடிதம் படிப்பது போலப் படித்துக் காட்டச் சொன்னோம். அம்மாவும் நன்னியும் தங்கையும் அமர்ந்திருந்தார்கள். முதல் நான்கு வரியைப் படித்தான். ஐந்தாவதில் குரல் இறங்கிற்று. தங்கையைப் பார்த்தான். தாளை மடித்துவிட்டான். "படிக்க முடியல அத்தா" என்றான்.

அவளுடைய பெயரை வைத்துப் பாடிய வரி அதற்கும் கீழேதான் இருந்தது. அதுவரை போகவே அவனால் முடியவில்லை. நாங்கள் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. நன்னி மட்டும் எழுந்து போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் மாலை அந்த மாணவியின் வீட்டிற்குப் போனோம். வரிசை வீடுகளில் ஒன்று. மாற்று மதத்தைச் சேர்ந்த குடும்பம், தந்தை இல்லை, தாய் மின்னணுப் பொருள் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் உறங்குபவர். எழுப்பிவிட்டோமே என்று கூசினோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம், திட்டவில்லை. பாய் விரித்து உட்காரச் சொன்னார். "உங்க பையன் நல்லா ஓதுவானாமே அக்கா. நோன்பு மாசத்துல மைக்குல அவன் குரல் கேட்டா, இவ எங்க கிளாஸ் பையன்னு பெருமையாச் சொல்லுவா" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

மகன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டான். உள்ளிருந்து அந்தப் பிள்ளை வெளியே வரவில்லை. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, தெளிவான குரலில், "இங்க வந்து சொன்னா எப்படி? கிளாஸ்லதானே பாடினான். கிளாஸ்ல சொல்லச் சொல்லுங்க" என்றது.

அவள் கேட்டது நியாயம். வழியெல்லாம் அவன் ஒன்றும் பேசவில்லை. எல்லாருக்கும் முன்னால் எப்படிச் சொல்வது, சிரிப்பார்களே என்று வீட்டுக்கு வந்தபிறகு ஒருமுறை கேட்டான். சிரிக்கத்தான் செய்வார்கள் என்றோம். திங்கட்கிழமை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. புதன்கிழமை, வருகைப் பதிவு முடிந்ததும் எழுந்து நின்று சொன்னதாக ஆசிரியை அழைத்துத் தெரிவித்தார். மூன்று கூட்டாளிகளில் ஒருவன் மட்டும் அவனோடு எழுந்து நின்றானாம். மற்ற இருவர் இப்போது நம் மகனோடு பேசுவதில்லை. அந்த மாணவி அடுத்த வாரம் பள்ளிக்கு வந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர்கள் வகுப்புப் பக்கம் ஆட்டோ பாட்டுச் சத்தம் வந்தால் அவள் ஜன்னலைச் சாத்திவிடுகிறாளாம். இதை மகன்தான் சொன்னான்.

உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் பாட்டு வைப்பவரிடம் இப்போது முன்கூட்டியே பேசிப் பார்க்கிறோம். ஒரு வீட்டில் கேட்டார்கள். நாகூர் ஹனீபாவின் குரலும் சிறுமிகளின் கைதட்டுப் பாட்டும் ஒலித்தன. மண்டபம் ஒன்றும் களையிழந்துவிடவில்லை. இன்னொரு வீட்டில் கேட்கவில்லை. நாங்கள் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட்டோம். அதற்கு வருத்தப்பட்டவர்களும் உண்டு.

வீட்டில் மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அவன் இரண்டு வசனம் ஓதுகிறான். தங்கை தமிழாக்கத்தைப் படிக்கிறாள். புரியாத இடத்தை ஹஜ்ரத்திடம் கேட்டுவர வேண்டியது எங்கள் வேலை. பல இடங்கள் எங்களுக்கே புதியவை. ஐம்பதை நெருங்கும் வயதில் அதைப் பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. எந்த சூராவிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டபோது ஹஜ்ரத் சற்று யோசித்து ஹுஜுராத் என்றார். நடந்தது அவருக்குத் தெரியும். ஒருவரையொருவர் ஏளனம் செய்வதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கும் வசனம் அதில் பதினொன்றாவதாக வருகிறது. நாங்கள் ஒன்பதில் இருக்கிறோம்.